நடிப்பு என்று கை தட்டினார்கள்

போன வருஷம் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் நடக்கிற ஆங்கிலப் பேச்சு வகுப்பில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கணவருக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை. அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு நானும் மகளும் வந்து சேர்ந்தோம். நான் கணிதத்தில் எம்.எஸ்சி. படித்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான். பரீட்சைத் தாளில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். ஆனால் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் சாதாரணமாக ஏதாவது கேட்டால் போதும், சிரித்தே சமாளித்துவிட்டு இறங்கிவிடுவேன். மகளின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஏதோ பேசினார், நான் அதற்கும் சிரித்தேன். "அம்மா, அவங்க என்னைப் பத்தி கம்ப்ளெயின்ட் பண்ணாங்க, நீ ஏன் சிரிச்சே?" என்று வெளியே வந்ததும் மகள் கேட்டாள். அடுத்த வாரமே வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

வகுப்பில் பத்துப் பேர் இருப்போம். டீச்சர் அம்பாங்கில் இருந்து வருகிறவர், மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அகராதியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், "செஞ்சு காட்டுறேன் பாருங்க லா" என்று, இந்த ஊர்த் தமிழர்கள் பேச்சில் ஒட்டிக்கொள்கிற அந்த 'லா'வோடு எழுந்து நின்றுவிடுவார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கல்லூரியில் நாடகம் போட்ட ஆள் நான். ஒரு தடவை, பஸ்ஸைத் தவறவிட்டவளாக நான் நடித்துக் காட்டியதைப் பார்த்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதிலிருந்து நடிப்பு என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

எனக்கு வகுப்பில் ஒரே ஒரு தோழி. சுபாங் ஜெயாவில் இருந்து வருவாள். என்னைப் போலவே கணவரோடு தமிழ்நாட்டில் இருந்து வந்தவள். கதவுப் பக்க நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். கிள்ளானில் இருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர், வெளிநாட்டு ஆட்களோடு போனில் பேச வேண்டிய வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று வந்து சேர்ந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார், இருந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அதையும் தரையைப் பார்த்துத்தான் சொல்வார். ஜோடி ஜோடியாகப் பேசிப் பழகச் சொன்னால், டீச்சரிடம் போய் மெதுவாக, ஆண்கள் யாரோடாவது போடுங்கள் என்று கேட்டுக்கொள்வார். நானும் தோழியும் அவருக்குச் சாமியார் என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்த வாரப் பாடம், சாப்பிடுவதும் குடிப்பதும் பற்றிய ஆங்கிலச் சொல்வழக்குகள். அப்பப்பா, இங்கிலீஷ்காரனுக்குச் சாப்பாட்டின் மேல் என்ன பிரியமோ தெரியவில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் தன் சொல்லையே சாப்பிட்டான் என்கிறான். மனசு கவலையில் கிடந்தால் உன்னை எது தின்கிறது என்று கேட்கிறான். தட்டில் இருப்பதைக் கோழி மாதிரி கொத்தினால் ஒரு சொல், முழுசாகக் காலி செய்தால் ஒரு சொல், தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினால் இன்னொரு சொல். நான் முதலில் சலித்துக்கொண்டேன். அப்புறம் யோசித்தால் நாமும் சளைத்தவர்கள் இல்லை. கோபத்தை மென்று விழுங்குகிறோம், அடுத்தவன் தலையைத் தின்கிறோம், அடிகூடத் தின்னத்தானே செய்கிறோம்.

டீச்சர் இந்தப் பாடத்துக்கு ஒரு விளையாட்டு வைத்தார். எல்லாரும் வீட்டில் இருந்து ஏதாவது தின்பண்டம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்தார். துண்டுச் சீட்டில் சொல்வழக்குகளை எழுதி ஒரு கிண்ணத்தில் போட்டார். சீட்டை எடுக்கிறவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக்கூடாது, மேசையில் இருக்கிற பண்டத்தை நிஜமாகவே சாப்பிட்டு நடித்துக் காட்ட வேண்டும். அவருடைய கட்சிக்காரர்கள் அது எந்தச் சொல் என்று கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் வந்தால் புள்ளி போய்விடும்.

மேசை பார்க்கவே நன்றாக இருந்தது. என்னுடைய மசால் வடை, யாரோ கொண்டுவந்த கறிபாப் என்கிற இந்த ஊர்ச் சமோசா, ஒரு ஜாடியில் பால் விடாத டீ. டீச்சர் அம்பாங் சந்தையில் இருந்து ஒண்டே ஒண்டே வாங்கி வந்திருந்தார். இந்த ஊர்ப் பலகாரம் அது. பச்சை நிறத்தில், எலுமிச்சம்பழத்தைவிடச் சின்ன உருண்டை. ஒட்டரிசி மாவில் செய்து தேங்காய்ப் பூவில் புரட்டியிருப்பார்கள். உள்ளே கருப்பட்டி மாதிரி ஒரு பாகு. நான் அதுவரை தின்றதில்லை. பாதி கடிக்கப் போனேன்.

"ஐயோ, கடிக்காதீங்க லா! முழுசா வாயில போடுங்க, இல்லாட்டி பாகு சட்டையில அடிச்சிரும்," என்றார் டீச்சர்.

போட்டேன். வாய்க்குள் பாகு உடைந்து பரவியது. அவ்வளவு ருசி.

என் முறை வந்தபோது எங்கள் கட்சி ஒரு புள்ளி பின்னால் இருந்தது. சீட்டைப் பிரித்தேன். வுல்ஃப் டவுன் என்று எழுதியிருந்தது. பசியில் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வது. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? தோழி போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள். நான் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, நாலு நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி மேசையைச் சுற்றி வந்து, வடையைப் பிய்த்து வாயில் திணித்து, அதை விழுங்கிய கையோடு ஒண்டே ஒண்டே ஒன்றை எடுத்துப் போட்டேன். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் இன்னொன்றையும் போட்டேன்.

சிரிப்பதற்காக மூச்சை இழுத்தேன். உருண்டை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில் எனக்கே புரியவில்லை. மூச்சை இழுத்தேன், வரவில்லை. விட்டுப் பார்த்தேன், போகவில்லை. இரும முயன்றேன். இருமலும் இல்லை. புரைக்கேறினால் இருமி இருமிச் சரியாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இருமவே முடியாத அளவுக்கு ஒன்று அடைக்கும் என்று எனக்குத் தெரியாது. அடைபட்ட குழாய் மாதிரி ஆகிவிட்டது தொண்டை. கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டியது.

வகுப்பு கை தட்டியது.

"கல்ப் டவுன்!" என்று ஒருத்தர் கத்தினார். "இல்ல லா, சோக் ஆன்! தொண்டையில சிக்கிக்கிறது!" என்றார் இன்னொருத்தர். நான் மேசையை ஓங்கித் தட்டினேன். சரியான விடையை நெருங்கிவிட்டோம், அதனால்தான் தட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள். தோழி ஒரு கையில் போனைப் பிடித்தபடியே, மறு கையால் டீ கிளாஸை என் வாயருகே கொண்டுவந்து, "வாஷ் டவுனா? வாஷ் டவுனா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தக் கிளாஸைத் தட்டிவிட்டேன். டீ அவள் புடவையில் சிந்தியது. அதற்கும் ஒரு சிரிப்பு.

பேசக்கூடாது என்பது விளையாட்டின் சட்டம். எனக்குப் பேச்சு வரவில்லை. பத்துப் பேர் நடுவில், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் செத்துக்கொண்டிருந்தேன், ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மகளை நடன வகுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தேன், யார் போய் அவளைக் கூட்டி வருவார்கள் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கதவுப் பக்கம் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது. கிள்ளான்காரர் எழுந்து வந்தார். அவர் எதிர்க் கட்சி.

"அக்கா, மூச்சு விட முடியுதா?"

முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்து அவர் பேசியது அதுதான். நான் தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டினால் முடியும் என்றா, முடியாது என்றா, எனக்கே தெரியாது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"டீச்சர், இது நடிப்பு இல்ல!" என்று கத்தினார். என் தோளைப் பிடித்து முன்னால் குனிய வைத்து, முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தார். சிரிப்பு நின்றது. ஆனால் எல்லாருக்கும் புரிந்து நிற்கவில்லை. அந்த அமைதியான மனிதர் ஒரு பெண்ணைப் போட்டு அடிக்கிறாரே என்ற அதிர்ச்சியில் நின்றது.

"ஏய், என்ன பண்றீங்க? விடுங்க அவளை!" என்று தோழி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

உருண்டை அசையவில்லை. எனக்குக் காதில் இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. ஜன்னல் வெளிச்சம் மங்கியது. அவர் எனக்குப் பின்னால் வந்தார். இரண்டு கைகளாலும் என் இடுப்பைச் சுற்றி வளைத்தார்.

இந்த இடத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மூச்சு நின்று, கண் இருட்டிக்கொண்டு வருகிற நேரத்தில், என் முழங்கை தானாக எழுந்து பின்னால் இருந்த முகத்தில் மோதியது. என் இன்னொரு கை, கழுத்தை விட்டுவிட்டு, துப்பட்டாவை இழுத்து மார்போடு பிடித்துக்கொண்டது. யோசித்துச் செய்தது இல்லை. பஸ் கூட்டத்தில், கோயில் வரிசையில், பின்னால் இருந்து ஒரு கை மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வயதுக்கு வந்த நாளில் இருந்து உடம்பு பழகிவைத்திருந்ததை அது செய்துவிட்டது. இந்தக் கை எதற்கு வருகிறது என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியவில்லை.

அவர் கை விட்டுப்போயிற்று. என் முழங்கால் மடங்கியது.

"அவளை இழுங்க, இழுங்க! அவரை விடுங்க!" டீச்சர் குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. என் தோழியைத்தான் டீச்சர் இழுத்துப் பிடித்திருக்கிறார். மறுபடியும் அந்தக் கைகள் வந்தன. "மன்னிச்சிருங்கக்கா," என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். தொப்புளுக்கு மேலே ஒரு முஷ்டி அழுந்தி, விலா எலும்பு முறிகிற மாதிரி உள்ளேயும் மேலேயும் ஒரு வெட்டு வெட்டியது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. மறுபடியும் ஒன்று. திருப்பி அவரை அடிக்க எனக்குத் தெம்பு இல்லாமல் போனது என் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உருண்டை மேசை மேல் வந்து விழுந்தது. பச்சை நிறத்தில், கொஞ்சம் நசுங்கி.

நான் இழுத்த முதல் மூச்சு ஊளை மாதிரி இருந்ததாம். கீழே பூக்கடையில் இருந்தவர்கள் மாடிப்படி ஏறி ஓடி வந்துவிட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். தோழி என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அழுதாள். டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகுதான் அவரைத் தேடினேன். கதவோரத்தில், விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டுவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பிடித்தபடி நின்றார். சட்டையில் ரத்தம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு கோணியிருந்தது. நான் பார்த்ததும் பார்வை பழையபடி தரைக்குப் போய்விட்டது. "மன்னிச்சிருங்க, வேற வழி தெரியல," என்று யாரையும் குறிப்பிடாமல் சொன்னார்.

தோழிக்கு அப்போதுதான் போன் ஞாபகம் வந்தது. அவரைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தபோது அலமாரி மேல் அதை வைத்திருக்கிறாள், அது பாட்டுக்கு எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது. "சீ, இதை அழிச்சிடறேன்," என்றாள்.

"வேணாம், அழிக்காதீங்க," என்றார் அவர் அவசரமாக. "பின்னாடி யாராச்சும் எதுவும் கேட்டா, என்னா நடந்துச்சுன்னு இருக்கட்டும்."

அவருடைய முகத்தில் இருந்தது பயம். உயிரைக் காப்பாற்றிவிட்டு, அதற்காகத் தனக்கு என்ன வரப்போகிறதோ என்று அந்த மனிதர் பயந்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், தொண்டை புண்ணாகிக் கிடந்ததால் காற்றுதான் வந்தது. அதற்குள் அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கணவர் வந்து கிளினிக்குக் கூட்டிப்போனார். விலாவில் அடிபட்டிருக்கிறது, முறிவு இல்லை என்றார் டாக்டர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "சரியான ஆள் சரியாச் செஞ்சிருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் பார்க்கறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, மகள் தூங்கிய பிறகு, தோழி அனுப்பியிருந்த அந்த வீடியோவைக் கணவரிடம் கொடுத்தேன். என் கணவர் நல்லவர்தான். ஆனாலும் வேறொரு ஆண் தன் மனைவியைப் பின்னால் இருந்து கட்டிப்பிடிப்பதையும், அவள் திமிறுவதையும் பார்க்கப் போகிறாரே. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். நான் நடிப்பது தெரிந்தது. எல்லாரும் வாய் கொள்ளாமல் சிரிப்பது தெரிந்தது. ஓரத்தில் கிள்ளான்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். அப்புறம் முதுகில் அடி. அதன்பின் எனக்குப் பின்னால் வருகிறார். அங்கே ஒரு விஷயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் கைகள் என்னைத் தொடுவதற்கு முன்னால் காற்றில் அப்படியே நின்றன. ஒரு கணம்தான். ஒரு தடவை டீச்சரைப் பார்க்கிறார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு என்னை வளைக்கிறார்.

கணவர் அந்த இடத்தில் நிறுத்தினார். திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு, "இந்த இடத்துல நானா இருந்தா, முன்னப்பின்ன பழகாத ஒருத்தர் வீட்டுப் பொம்பளைய இப்படித் தொட்டிருப்பேனான்னு தெரியல," என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை கதவுப் பக்க நாற்காலி காலியாக இருந்தது. டீச்சர் போன் போட்டால் உடம்பு சரியில்லை என்றாராம். மறுநாளே நானும் கணவரும் மகளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினோம். கதவைத் திறந்தவர் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் வெளிறிப்போனார். சண்டைக்கு வந்திருக்கிறோம் என்றே நினைத்துவிட்டார். என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். பாவம், அந்த மனிதருக்குக் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அவர் மனைவி நல்ல வாயாடி. "இவரு மூக்க ஒடச்சது நீங்கதானா?" என்று என்னை உள்ளே இழுத்துப்போனார். அவர்களுடைய மகள் சின்ன வயதில் லோங்கான் பழக் கொட்டை சிக்கி நீலம் பாரித்துப்போனாளாம். எதிர்வீட்டுச் சீனப் பையன் ஓடிவந்து காப்பாற்றியிருக்கிறான். "அன்னிக்கு இவரு சும்மா நின்னாரு. அதான் அப்புறம் முதலுதவி வகுப்புக்குப் போயி இதெல்லாம் கத்துக்கிட்டாரு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வாரமா தூங்கல அக்கா. அவங்க வீட்டுல தப்பா எடுத்துக்கிட்டா என்னா பண்றதுன்னு அதே பேச்சு. நான்தான் சொன்னேன், அந்த அக்கா உசுரோட இருக்காங்கல்ல, அப்புறம் என்னா லா."

நான் கூடத்துக்கு வந்து அவர் முன்னால் நின்றேன். வழியெல்லாம் ஆங்கிலத்திலும் தமிழிலும் எவ்வளவோ ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். "அண்ணே, வகுப்புக்கு வாங்க," என்பதுதான் வாயில் வந்தது. அவர் தலையை நிமிர்த்தி, "சரிக்கா," என்றார்.

வந்தார். அன்றைக்கு டீச்சர் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவரையே நடுவில் நிற்கவைத்து எங்களுக்கெல்லாம் அதைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அவர் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக் காட்டினார், பெண்கள் பெண்களோடு செய்து பழகினோம். நான் தோழியின் பின்னால் நின்று கையை வளைத்தபோது அவள் உடம்பும் தன்னை அறியாமல் விலகியது. அதை நான் கவனித்தேன். எனக்குத் தெரிந்த பெண்களிடமெல்லாம் இப்போது அதைத்தான் முதலில் சொல்கிறேன், மூச்சு அடைத்து நிற்கும்போது பின்னால் இருந்து ஒரு கை வந்தால் தட்டிவிடாதீர்கள் என்று.

சொல்கிறேனே தவிர, நாளைக்கே எனக்கு மறுபடி அப்படி ஆனால் என் முழங்கை சும்மா இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு மூச்சு நின்றபோதும் நான் மானத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். தன்னுடைய மானம் போனாலும் போகட்டும் என்று இரண்டாவது முறையும் அந்த மனிதர் கையைக் கொண்டுவந்ததால்தான், இன்று என் மகளுக்கு நான் கதை சொல்லித் தூங்க வைத்துக்கொண்டிருக்கிறேன்.